நெற்றிக்கு மட்டும் இரண்டு ஸ்வெட்டர்

கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக ஸ்வெட்டர் கிடைத்ததற்காக அல்லாஹ்வுக்கு மனமார நன்றி சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பளிக் காக்கா. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

மற்ற எல்லோரும் ஏசினோம். ஏசாமல் என்ன செய்வது? கல்முனைக்குடியின் பங்குனி வெயிலில் தறப்பாள் சீலை விரித்துக் கட்டிய கொட்டிலுக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டு ஒரு யாசீன் ஓதி முடித்தால் முட்டை அவிந்திருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் முகாம் வாசலில் ஒரு லொறி வந்து நின்று பெட்டி பெட்டியாகக் கம்பளிச் சட்டைகளை இறக்கியது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இரக்கமுள்ள சனங்கள் எங்களுக்குக் குளிரும் என்று நினைத்து, தோய்த்து மடித்து அனுப்பியிருந்தார்கள். குடும்பத்துக்கு ஆறு. சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ நிறம். சிலதில் மான் படம். ஒருவர் தன் ஆட்டுக்கு மாட்டிவிட்டார். அந்த ஆடு இரண்டு நாள் தின்னாமல் குடிக்காமல், அவமானப்பட்ட சம்மந்தி மாதிரி மூலையில் நின்றது.

அப்போது அவருக்குக் கம்பளிக் காக்கா என்ற பெயர் இல்லை. கடற்கரையில் இருபது வருடம் மீன் ஏலம் கூறியவர் அவர். அந்தத் தொண்டை ஒரு தொண்டையல்ல. அவர் கடற்கரையில் "ஒருதரம்" என்றால் சந்தைக்குள் தராசு ஆடும் என்பார்கள். கடல் வந்த பிறகு, இனி அந்த மணலில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கால் வைக்கவுமில்லை. ஆனால் தொண்டை அப்படியே இருந்தது. பக்கத்துக் கொட்டிலில் நான் இருந்தேன். அவர் மனைவியிடம் உப்புக் கேட்டால் எனக்கு இங்கே ஊசிக்கு நூல் தவறும். நான் தையல்காரன். நிவாரணத்தில் கிடைத்த ஒரு தையல் மெஷினும் மூன்று டப்பா பொத்தானும்தான் அப்போது எனக்குச் சொத்து.

அந்த நாட்களில் ஒரு நிறுவனம் முகாமுக்கு வந்து பெண்களுக்குச் சுயதொழில் வகுப்பு வைத்தது. கொக்கி ஊசியால் கம்பளி நூலைப் பின்னுகிற குரோசே வேலை. குடும்பத்துக்கு ஒரு ஆள். பன்னிரண்டு நாள் ஒழுங்காக வந்து, கடைசி நாள் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற ஒரு வட்டத் துண்டு பின்னிக் காட்டினால் ஒரு மேசை விசிறி. கொட்டில்களுக்குக் கரண்ட் வந்திருந்த நேரம் அது. விசிறி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குக் காற்று வந்தது.

காக்காவின் மனைவி, நான் மச்சி என்று கூப்பிடுகிறவர், ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

"எனக்குக் கண் தெரியா. விசிறி வேணுமெண்டா நீங்க போய்ப் பின்னுங்க."

இவரும் போய்விட்டார். வாசலில் டீச்சர் மறித்தார்.

"காக்கா, இது பொம்புளையள்ற வகுப்பு."

"தெரியும் மகள். நான் உள்ளுக்கு வரல்ல. வெளிய இரிக்கன். நீங்க கொஞ்சம் சத்தமாச் சொன்னாக் காணும்."

ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வகுப்புத் தறப்பாளுக்கு முதுகைக் காட்டி வெளியே உட்கார்ந்தார். பன்னிரண்டு நாளும் அதே இடம். ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருப்பாரா? பார்க்கவில்லை. அந்நியப் பெண்கள் முப்பது பேர் இருக்கிற இடம். குரோசே வேலையைக் காதால் மட்டும் கேட்டுப் படித்த மனிதர் வேறு எங்காவது இருந்தால் எனக்கு அறியத் தாருங்கள்.

உள்ளே டீச்சர், "கொக்கிய உள்ளுக்கு விடுங்க, நூலைச் சுத்துங்க, இழுங்க" என்பார். வெளியே இவர் தன்னை மறந்து ஏலக் குரலில், "உள்ளுக்கு ஒருதரம்! சுத்தி ரெண்டு தரம்! இழுத்து மூணு தரம்!" என்பார். உள்ளே முப்பது பெண்களுக்கும் எண்ணிக்கை தவறும். டீச்சர் முதலிலிருந்து தொடங்குவார்.

எந்தக் கண்ணிக்குள் விடுவது, எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது எல்லாம் டீச்சர் கையில் காட்டிய விஷயங்கள். காதுக்கு அவை வந்து சேரவில்லை. கடைசி நாள் எல்லாப் பெண்களும் தட்டையான அழகான வட்டங்களை நீட்டினார்கள். காக்கா தறப்பாளின் கிழிசல் வழியாகத் தன் வேலையை உள்ளே அனுப்பினார். அது வட்டமாகவும் இல்லை, தட்டையாகவும் இல்லை. ஒரு பக்கம் பொம்மிக்கொண்டு, மறு பக்கம் இழுபட்டு, கீழே ஒரு மடிப்போடு கிடந்தது.

"காக்கா, நீங்க கண்ணி கூட்டாம சுத்தியிரிக்கீங்க. அதான் இப்படி வீங்கித்து. அவிழ்த்திட்டு மறுகா பின்னுங்க" என்றார் டீச்சர்.

கணவருக்கு விசிறி கிடைக்கிறதா என்று பார்க்க வந்திருந்த மச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அல்லாஹ்வே! இது ஐஸ் முதலாளிட கன்னமெல்லா!"

ஐஸ் முதலாளி என்பவர் பெரிய மீன் வியாபாரி. விலை சொல்லப் போகும்போது இடது கன்னத்தை ஊதி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் வாயைத் திறப்பார். கல்முனைக்குடியில் அந்தக் கன்னம் தெரியாத ஆள் கிடையாது. துண்டு கைமாறிக் கைமாறிப் போனது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடல் வந்து மூன்று மாதத்தில் அந்த முகாமில் அவ்வளவு சிரிப்பைக் கேட்டது அன்றுதான். டீச்சரும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு விசிறியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

செய்தி எட்டி ஐஸ் முதலாளி மறுநாளே சண்டைக்கு வந்தார்.

"என்ட கன்னத்த என்னத்துக்கு எடுத்தீங்க?"

"அவிழ்க்கச் சொன்னாங்க, மனசு வரல்ல முதலாளி" என்றார் காக்கா. "மிச்சத்தையும் எடுக்கட்டா?"

முதலாளி கன்னத்தை ஊதினார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், கம்பளிக் காக்கா பிறந்துவிட்டார்.

அவர் முகம் செய்கிற முறையே தனி. அளவு கிடையாது, கோடு கிடையாது, பார்த்துப் பின்னுகிற தாள் கிடையாது. ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்து நூலை உருவுவார். மூக்கில் தொடங்கிச் சுற்றுவார். தோன்றிய இடத்தில் திரும்புவார், தோன்றிய இடத்தில் கட்டியாக்குவார். தாடிக்கு நூலை வளையம் வளையமாகத் தொங்கவிடுவார். நிறத்தைப் பற்றிக் கவலையே இல்லை. கையில் கத்தரிப்பூ நிறம் வந்தால் கன்னம் கத்தரிப்பூ. ஒரு தடவை நூல் அவிழாத துண்டை அப்படியே சேர்த்ததில் ஒரு மனிதரின் காதுக்குள் பாதி மான் வந்துவிட்டது.

"காக்கா, மூக்குப் பச்சையா இரிக்கே?" என்று கேட்டேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். பிறகு அந்த ஆளின் வீட்டார் வந்து சண்டை பிடித்தால்?

"நீ நிறத்த வச்சா ஆளை மட்டுக்கட்டுற? ஆள் யோசிக்கக்குள்ள மூஞ்சி எங்க போகுது எண்டு பாக்கணும் மனே. இருபது வருசம் அதைத்தானே பாத்தன்."

உண்மை. ஏலத்தில் எவன் கேட்பான், எவன் பின்வாங்குவான் என்று முகத்தை வைத்தே சொல்கிறவர். அதனால் அவர் செய்த முகம் எல்லாமே ஏதோ ஒரு விலைக்கு யோசித்துக்கொண்டிருக்கிற முகங்களாகத்தான் இருந்தன. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மனிதரின் முகம்கூட, அரைக் கிலோ கூட்டிக் கேட்கலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் ஆள் அச்சொட்டாக அவரேதான்.

முதலில் உயிரோடு இருக்கிறவர்கள் சிரிக்க வந்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு பெண் வந்து, கடலில் மௌத்தான தன் வாப்பாவின் முகத்தைக் கேட்டாள். மறுநாள் இருவர் வந்தார்கள். அதற்குப் பிறகு வரிசை. வீடுகளில் படம் இருந்த இடம் அலுமாரி, அலுமாரியைத்தான் கடல் முதலில் கொண்டுபோனது. ஒரு ஆளின் முகம் இந்த உலகத்தில் எங்குமே இல்லை என்ற நிலை எங்களுக்கெல்லாம் அப்போது புதிது. காக்கா ஒரு சதமும் வாங்கவில்லை. முகம் வேண்டுமென்றால் ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டும். முகாம் முழுக்கத் தரை துடைக்கக் கிடந்த ஸ்வெட்டர்கள் தோய்த்து வந்து சேர்ந்தன. அந்த ஆடும் தன் சட்டையைத் திருப்பிக் கொடுத்து நிம்மதியடைந்தது.

ஒருநாள் காக்கா என்னைப் பார்த்தார்.

"ஒண்ட ராத்தாவச் சொல்லு. செய்வம்."

சுலைகா. எனக்கு மூத்தவள், என் ஒரே ராத்தா, மச்சிக்கும் பழக்கமானவள். உம்மாவும் வாப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள். அவளைக் கடல் எடுத்தது. படமெடுக்க வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குள் ஓடுகிறவள். எடுத்த ஒன்றிரண்டும் அலுமாரியோடு போயின.

எனக்கு அவள் முகம் வேண்டும். ஆனால் பயம். காக்கா செய்கிற முகம் கொஞ்சம் பிழைத்துவிட்டால்? ஏற்கெனவே எனக்கு அவள் முகம் துண்டு துண்டாகத்தான் நினைவில் வந்தது. பிழையான முகம் ஒன்று கண்ணுக்கு முன்னால் தொங்கினால், மிஞ்சியிருக்கிற சரியான துண்டுகளையும் அது தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளாதா? பிறகு மறுமையில் நான் யாரை என்று தேடுவது?

"பிறகு செய்வம் காக்கா. இப்ப வேலை கிடக்கு" என்றேன். அடுத்த நாலு வருடமும் அதைத்தான் சொன்னேன்.

இதற்கிடையில் மௌலவி வந்தார். வராமல் இருப்பாரா? தொழுகிற இடங்களில் முகங்கள் தொங்குகின்றன என்று அவர் காதுக்கு எட்டிவிட்டது. நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். அவரும் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர்.

"உருவம் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே காக்கா?"

"தெரியும் மௌலவி. அதான் நான் கண் வைக்கல்ல."

மௌலவி சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்தவர்களும் மௌலவியைப் பார்த்தார்கள்.

"அப்ப இது என்ன?"

"பொத்தான்" என்றார் காக்கா. "கழட்டலாம்."

ஒரு கண்ணைக் கழற்றி மௌலவியின் உள்ளங்கையில் வைத்தார். அது என் டப்பாவில் இருந்து போன பொத்தான். என்னையும் கேட்பார்களோ? மௌலவி அந்தப் பொத்தானை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"தொழுகிற இடத்துல தொங்க விடாதீங்க. தொழுற நேரம் இதுகளையும் கழட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் வெளியே போகும்போது கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். காக்கா பார்க்காத மாதிரி நூலை உருவினார்.

அன்றிலிருந்து எங்கள் முகாமில் ஒரு வழக்கம் வந்தது. பாங்கு சொன்னால் ஆண்கள் கை கால் கழுவி வுளூச் செய்யப் போவார்கள், பெண்கள் கண்களைக் கழற்றப் போவார்கள். கழற்றிய கண்களை டொபி மிட்டாய் டின்னில் போட்டு வைப்பார்கள். தொழுகை முடிந்து திரும்ப மாட்டும்போதுதான் குழப்பம். ஒரு நாள் இரண்டு கொட்டில்களின் டின்கள் மாறிவிட்டன.

"எங்கட வாப்பாட கண்ணப் போட்டுத்து ஒங்கட மாமா முழிச்சித்து இரிக்காரு! கழட்டுங்க!"

"எங்கட மாமாட கண் நாலு ஓட்டை. ஒங்கட வாப்பாக்கு ரெண்டு ஓட்டை. நல்லாப் பாருங்க!"

தீர்ப்புச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். பொத்தான் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. பிழையான ஆளுக்குப் பிழையான கண்ணைக் கொடுத்திருந்தால் யார் பொறுப்பு?

பொத்தான்களுக்குக் கைம்மாறாகக் காக்கா எனக்கே தெரியாமல் என் முகத்தைச் செய்துவிட்டார். ஒரு பின்னேரம் கொண்டுவந்து என் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினார். வாய் சின்னது. தாடை சின்னது. அதற்கு மேலே, வெள்ளம் வந்த வயலின் வரப்புகள் மாதிரி மடிப்பு மடிப்பாக எழுந்து நின்றது ஒரு நெற்றி. முகத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

"காக்கா, என்ட நெத்தி இவ்வளவு பெரிசா?"

"ஒண்ட நெத்திக்கு மட்டும் ரெண்டு ஸ்வெட்டர் போயித்து மனே. மிச்சம் எல்லாத்துக்கும் அரை ஸ்வெட்டர். இப்படி நூல் தின்னுற ஆளை நான் கண்டதில்ல."

மச்சி அதைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், இந்தக் கம்பளிக்கும் கவலையைப் பழக்கிப் போட்டான்."

நாட்டில் நடந்த சண்டையின் கடைசிக் காலம் வந்தது. ஒருநாள் காக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சாகாமத்துக்கு பஸ் ஏறினார். கல்முனையில் தோணி வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம், கடல் வந்த பிறகு சொந்தக்காரரோடு அங்கே போய் இருந்தது. இருபது வருடம் காக்காவின் ஏலத்துக்கு மீன் கொண்டுவந்து, கடைசியில் கடலோடு போன தோணிக்காரரின் முகத்தை அவர் மனைவி கேட்டு அனுப்பியிருந்தார். அந்த முகத்தோடு, அங்கே இருந்த மற்றவர்கள் கேட்ட எட்டு முகங்களையும் காக்கா உரப் பையில் போட்டுக்கொண்டார். மாதிரி காட்டுவதற்காக என் முகத்தையும்.

வழியில் சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் உரப் பையைத் திறந்தார். உள்ளே பத்துத் தலைகள். கண் இல்லை. பஸ்ஸில் பொத்தான் கழன்று விழும் என்று காக்கா எல்லாவற்றையும் கழற்றி டின்னில் போட்டிருந்தார். யுத்த காலத்தில் கண் இல்லாத பத்துத் தலைகளைப் பையில் கொண்டுபோகிறவனுக்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எட்டாம் வகுப்பில் அது வருமோ என்னவோ.

"மே மொனவாத?" என்றார் சிப்பாய். இது என்ன என்று கேட்கிறார்.

"மினிஸ்ஸு, சேர்" என்றார் காக்கா. மனிதர்களாம்.

கண் எங்கே என்று சிப்பாய் கேட்டார். காக்கா பொக்கட்டில் இருந்து டின்னை எடுத்துக் குலுக்கினார். அந்தச் சத்தத்துக்கு நான் சாகப்போகிறவன் மாதிரிக் கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டேன். காக்கா நிதானமாக ஒரு முகத்தை எடுத்து இரண்டு கண்ணையும் மாட்டி அவர் முன்னால் பிடித்தார். அது என் முகம். சிப்பாய் அதைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாமல் மற்றச் சிப்பாய்களையும் கூப்பிட்டார். அட்டையில் இருக்கிறது நீதானா என்பது சந்தேகம், கம்பளியில் இருப்பது நீயேதான் என்று சொன்னதாகக் காக்கா எனக்கு மொழிபெயர்த்தார்.

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். சிப்பாய் பையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். தன் அம்மாவைச் செய்ய முடியுமா என்று. மலைநாட்டில் இருந்து வந்தவராம், அம்மா போன வருடம் இறந்தபோது லீவு கிடைக்கவில்லையாம். காக்கா தன் உடைந்த சிங்களத்தில் கேட்டார், சிரித்தால் எந்தப் பக்கம் முதலில் சிரிக்கும் என்று. அந்தப் பொடியன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டே கிழமையில், பதினாலு நாளில், காக்கா அந்த அம்மாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு ஸ்வெட்டரோடு திரும்பி வந்தார். சிப்பாயின் சொந்த ஸ்வெட்டர்.

"அந்தப் பொடியன் ரெண்டு நிமிசத்துல சொல்லித்தான்" என்றார். "நீ எத்தனை வருசம்?"

வேலை கிடக்கு என்றேன்.

பிறகு சண்டை முடிந்தது. றோட்டில் வெடி கொளுத்தினார்கள். வெடி எதற்கு வெடித்தாலும் நான் மெஷினுக்குக் கீழேதான், அன்றும் அங்கேயே இருந்தேன். அதே காலத்தில், மூன்று மாதம் என்று சொல்லி நாலு வருடம் இருந்த கொட்டில்களையும் கலைக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கல்முனைக்குடியிலேயே ஒரு வீடும் அதன் திறப்புச் சாவியும் கிடைத்தன. காக்காவும் மச்சியும் அட்டாளைச்சேனைக்குப் போவதாக முடிவு. மச்சியின் சீதனக் காணி அங்கே இருந்தது.

அவர்கள் போவதற்கு முதல் நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். காக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு ஸ்வெட்டரும் இல்லை. கேட்பதற்கு முதலே நெற்றி வியர்த்தது.

"காக்கா... ராத்தா..."

கட்டின கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நாலு வருசம் பாத்துத்து இரிந்தன், எப்ப வாய் திறப்பாய் எண்டு. ஸ்வெட்டர் முடிஞ்சி மனே. ஒரு முழம் நூல் இல்ல. சரி, இரி. சொல்லு. மூக்கு எப்படி?"

"தெரியா காக்கா."

"சிரிச்சா எந்தப் பக்கம்?"

"சிரிச்சது ஞாபகத்துல வருகுதில்ல. எனக்கு ஏசினதுதான் ஞாபகம்."

நான் பயந்தது நடந்துவிட்டது. தாமதித்துத் தாமதித்து, இருந்த துண்டுகளையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறேன். காக்கா விடவில்லை.

"அப்ப ஏசினதச் சொல்லு."

"நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு சொன்ன நாள் அவ ஏசல்ல. மூணு நாள் கதைக்கல்ல. நாலாம் நாள் சோத்துக் கோப்பையக் கொண்டுவந்து முன்னுக்கு வச்சித்து, இப்படிப் பாத்தா."

எப்படிப் பார்த்தாள் என்று காட்டினேன். தாடையைக் கொஞ்சம் தூக்கி, உதட்டை இறுக்கி, கோபத்தைப் பிடித்து வைக்கப் பார்த்து, பிடிபடாமல்.

"அசையாத!" என்றார் காக்கா. ஏலக் குரல். இரண்டு கொட்டில் தள்ளி ஒரு குழந்தை அழுதது. "அப்படியே இரி. மூச்சு விடு, ஆனா அசையாத."

எழுந்து என் கொட்டிலுக்குப் போய், மெஷினுக்கு மேலே தொங்கிய என் முகத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் நெற்றியில் ஒரு நூல் நுனியைத் தேடிப் பிடித்தார். இழுத்தார். ஒரு மடிப்புப் போனது. இன்னொன்று. வரப்பு வரப்பாக அவிழ்ந்து மடியில் குவிந்தது நூல். நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி மட்டமாக வந்தது. அவிழ்த்த நூலை எடுத்து, என்னைப் பார்ப்பதும் பின்னுவதுமாக, உதட்டோரத்தில் நாலு கண்ணி போட்டார். பிறகு மிச்ச நூல் முழுவதையும் தலையைச் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, ஒரு முக்காடாகப் போட்டு முடித்தார். இரண்டு ஸ்வெட்டர் நூல், நல்ல பெரிய முக்காடு.

மச்சி தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். தட்டைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"சுலைகா!" என்றார். "அல்லாஹ்வே, சுலைகா வந்திரிக்கா."

நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது இதுதான்: "என்ட மூஞ்சி போயித்தே காக்கா."

"அது எங்க போகும்? கண்ணாடில கிடக்கு. வேணுமெண்ட நேரம் போய்ப் பாரு. ராத்தாவும் அதுக்குள்ளதான் இரிந்திரிக்கா, நீ நெத்தியச் சுருக்கி மறைச்சித்து இரிந்தாய்."

கண் வைக்க மூன்று டப்பாவையும் கொட்டினேன். எது சரி என்று தெரியாமல் நான் தடுமாற, காக்காவே இரண்டு கறுப்புப் பொத்தானை எடுத்துத் தந்தார். நீயே மாட்டு என்றார்.

அவள் இப்போது என் வீட்டில் தையல் மெஷின் அறையில் இருக்கிறாள். பாங்கு சொன்னால் கண்ணைக் கழற்றி சட்டைப் பொக்கட்டில் போட்டுக்கொள்கிறேன். தொழுதுவிட்டு வந்து மாட்டினால், பழையபடி சோத்துக் கோப்பையை வைத்துவிட்டுப் பார்க்கிற பார்வை.

காக்கா அட்டாளைச்சேனையில் மௌத்தான செய்தி வந்த கிழமை, நானும் ஒரு கொக்கி வாங்கி அவர் முகத்தைச் செய்யப் பார்த்தேன். நான் தையல்காரன், என் கை நேராகத்தான் போகும். வந்தது ஒரு வட்டம். தட்டையாக, ஒரு கண்ணி பிசகாமல், அந்த டீச்சர் பார்த்தால் இரண்டு விசிறி கொடுத்திருப்பார். அவிழ்த்துப் பின்னினேன், திரும்பவும் வட்டம். எத்தனை தரம் பின்னினாலும் சரியாகவே வருகிறது. காக்காவைப் போலப் பிழை விட இனி எங்களுக்கு யார் இருக்கிறார்?